10 நாள் முகாமா, தினமும் 20 நிமிடமா, வேலைக்கு நடுவிலேயா? பௌத்த மனவிழிப்பை எங்கே தொடங்குவது

பௌத்த மனவிழிப்பை, அதாவது நடப்பதை நடக்கும்போதே கவனிக்கும் தியானத்தை, பழக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு அடுத்து வரும் சிக்கல், எந்த வழியை எடுப்பது என்பது. ஒருவர் 10 நாள் மௌனமாக நடக்கும் விபாசனா தியான முகாமுக்குப் போய்வந்து வாழ்க்கையே மாறிவிட்டது என்கிறார். இன்னொருவர், காலையில் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனித்தாலே போதும் என்கிறார். மூன்றாமவர், தனியாக உட்காரவே வேண்டாம், செய்கிற வேலையை நினைவோடு செய்தால் அதுவே தியானம் என்கிறார். மருத்துவர் சொன்னதால் 8 வார மனவிழிப்புப் பயிற்சியில் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வேலை, குடும்பம், உடல்நலம் என்று நாலு பக்கமும் இழுபடும் ஒருவரால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ள முடியாது. ஒன்றில்தான் தொடங்க வேண்டும்.

இவற்றை ஒப்பிட நான் ஒரே ஓர் அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு அமைதி கிடைக்கிறது என்று பார்த்தால் 10 நாள் முகாமுக்குப் பக்கத்தில் எதுவும் வராது, ஒப்பீட்டுக்கே வேலையில்லை. நான் பார்ப்பது வேறு. பழகிய கவனம் மதியம் மூன்று மணிக்கு, நமக்குத் தேவைப்படும்போது வந்து நிற்கிறதா?

மதியம் மூன்று மணி என்று எதைச் சொல்கிறேன் என்றால்: மேலதிகாரியிடமிருந்து ஒரு வரிச் செய்தி வருகிறது, "இதைக்கூடச் சரியாகச் செய்ய முடியாதா?" படித்த அடுத்த நொடி மார்பு இறுகுகிறது. காதுமடல் சூடாகிறது. தாடை கெட்டிப்படுகிறது. அதற்குள் கட்டைவிரல் பதிலைத் தட்டத் தொடங்கிவிட்டது. இந்த வரிசையில் எந்த இடத்தில் நமக்கு நினைவு வருகிறது? பதிலை அனுப்பி அரைமணி நேரம் கழித்தா, தட்டிக்கொண்டிருக்கும்போதா, மார்பு இறுகும்போதேவா? அரைமணி கழித்து வந்துகொண்டிருந்த நினைவு, தட்டும்போதே வரத் தொடங்கினால் பயிற்சி வேலை செய்கிறது என்று பொருள். உட்காரும்போது மனம் அலைபாய்ந்ததா, அடங்கியதா என்பதெல்லாம் அதற்கு அடுத்த கணக்கு.

இந்த வழிகள் எல்லாம் கிளம்புகிற இடம் ஒன்றுதான். புத்தரின் உரைகளைச் சேர்த்த பாலி மொழித் தொகுப்புகளில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 10ஆவது உரையான சதிபட்டான சூத்திரத்தில், குரு நாட்டில் கம்மாசதம்மம் என்ற ஊரில் வைத்துப் புத்தர் கவனத்தின் நான்கு தளங்களைச் சொல்கிறார். உடல் ஒன்று. இன்பமாகவோ துன்பமாகவோ இரண்டும் இல்லாமலோ எழும் நுகர்ச்சி இரண்டாவது. மனத்தின் நிலை மூன்றாவது. மனத்தில் தோன்றி மறையும் தன்மைகள் நான்காவது. உடலைப் பற்றிய பகுதியிலேயே, முன்னே போவது, திரும்பி வருவது, கையை மடக்குவது, நீட்டுவது, உண்பது, குடிப்பது, மலசலம் கழிப்பது, பேசுவது, பேசாமல் இருப்பது எல்லாவற்றையும் தெரிந்தே செய்ய வேண்டும் என்று வரிசையாக வருகிறது. அன்றாட வாழ்க்கைக்குள் தியானம் என்பது நேரமில்லாதவர்களுக்காக இந்தக் காலத்தில் கொடுத்த சலுகை என்று நினைப்பவர்கள் அந்த வரிசையை ஒருமுறை படிக்க வேண்டும். அதே உரை, காட்டுக்கோ மரத்தடிக்கோ ஆளில்லாத இடத்துக்கோ போய், காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி உட்காரவும் சொல்கிறது. உட்கார்வதா, வேலையிலேயே பழகுவதா என்ற சண்டைக்கு மூலத்தில் இடமே இல்லை. இரண்டும் அங்கே அருகருகே இருக்கின்றன. நமக்கு இருப்பது எதில் தொடங்குவது என்ற கேள்வி மட்டும்.

10 நாள் முகாம்

இன்று உலகம் முழுக்க நடக்கும் 10 நாள் விபாசனா முகாம்களில் பெரும்பாலானவை சத்ய நாராயண் கோயங்கா (1924–2013) வகுத்த முறையில் நடப்பவை. பர்மாவின் மாண்டலேயில் பிறந்த வணிகர் அவர். ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலைமையில், 1955இல் ரங்கூனில் ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம் போனார். தலைவலி தீரவேண்டும் என்று மட்டும் வந்திருக்கிறார் எனத் தெரிந்ததும் ஊ பா கின் முதலில் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார். மனத்தைச் சுத்தப்படுத்த வந்தால் வரலாம், தலைவலி போனால் அது கூடுதல் லாபம் என்பது அவருடைய நிலை. முகாமுக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்பது நல்லது. நாம் எதற்காகப் போகிறோம்?

இன்னொன்றும் உண்டு. ஊ பா கின் துறவி இல்லை. சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயராக இருந்தவர், குடும்பஸ்தர், தன் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தவர். கோப்புகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒருவரிடமிருந்து வந்த முறை இது என்பதை, முகாமின் கடுமையைப் பார்த்துப் பயப்படுபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கடுமை உண்மைதான். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். இரவு 9:30க்கு விளக்கணைப்பு. இடையில் கிட்டத்தட்ட 10 மணி நேரம் தியானம். பேச்சு கிடையாது, சைகை கிடையாது, கண்ணோடு கண் பார்ப்பதுகூடத் தவிர்க்கப்படும். ஆசிரியரிடமும் நிர்வாகிகளிடமும் தேவைக்குப் பேசலாம். கைபேசி, புத்தகம், பேனா எல்லாம் வெளியே. தொடக்கத்திலேயே பஞ்சசீலத்தை, அதாவது கொல்லாமை, திருடாமை, தகாத பாலுறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, போதை தொடாமை என்ற ஐந்து ஒழுக்கங்களை, ஏற்க வேண்டும். முதல் மூன்று நாட்களுக்கு மேல் மூக்கடியில் மூச்சு வந்துபோவதை மட்டும் கவனிக்க வேண்டும். நான்காம் நாள் மதியம்தான் விபாசனா, அதாவது தலையிலிருந்து கால்வரை உடலின் உணர்வுகளை ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டு போவது, கற்பிக்கப்படும். பத்தாம் நாள் மௌனம் கலைந்து மெத்தா, அதாவது எல்லோரும் நலமாக இருக்கட்டும் என்று நினைக்கும் அன்புப் பயிற்சி. கட்டணம் வாங்குவதில்லை. ஒரு முகாமை முடித்தவர்களிடமிருந்துதான் நன்கொடையே பெறுகிறார்கள்.

இந்த முகாம் தருகிறதை வீட்டில் பெறுவது மிகக் கடினம், அதை ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். நான்காம் நாளுக்குப் பிறகு, கைகால் அசைக்காமல், கண் திறக்காமல் ஒரு மணி நேரம் உட்கார முயலச் சொல்வார்கள். இருபது நிமிடத்தில் முழங்காலில் ஓர் இடத்தில் எரிச்சல் தொடங்கும். முதலில் அது 'வலி' என்ற ஒரே கட்டி. பார்த்துக்கொண்டே இருந்தால் எரிச்சல், துடிப்பு, இறுக்கம் என்று பிரியும். ஒரு மூச்சுக்குக் கூடும், அடுத்த மூச்சுக்குக் குறையும். அப்புறம் ஒரு கட்டத்தில், வலி வேறு, காலை மாற்றியாக வேண்டும் என்ற தவிப்பு வேறு என்று தெளிவாகத் தெரியும். வலி அப்படியே இருக்க, தவிப்பு மட்டும் அடங்குவதும் நடக்கும். இதை ஒருமுறை தன் உடம்பில் பார்த்தவருக்கு, மேலதிகாரியின் செய்தியைப் படித்ததும் மார்பு இறுகுவது வேறு, கட்டைவிரல் துடிப்பது வேறு என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை.

சரி, அப்படியென்றால் எல்லோரும் இதிலேயே தொடங்கலாமே? இங்கேதான் என் தயக்கம்.

முகாமில் சமையல் இல்லை, கணக்கு வழக்கு இல்லை, யாரும் நம்மைச் சீண்டுவதில்லை. அங்கே ஏற்பட்ட தெளிவு திரும்பி வந்த பின் எத்தனை வாரம் நிற்கும் என்பது, அதற்கு முன்பே தினமும் உட்காரும் பழக்கம் இருந்ததா என்பதைப் பொறுத்தது. முகாம் முடிந்ததும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். ஒருநாள்கூடத் தானாகப் பத்து நிமிடம் உட்கார்ந்து பழகாதவர், வீடு திரும்பிய மறுநாளிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு இடம் கண்டுபிடிப்பது எளிதில்லை. கொஞ்ச நாள் ஓடும். பிறகு மாலை அமர்வு போகும், பிறகு காலையும் போகும். விட்டுவிட்டோமே என்ற குற்றவுணர்வு மட்டும் மிஞ்சும். அந்தக் குற்றவுணர்வே திரும்ப உட்கார விடாமல் தடுக்கிறது என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. தீவிர தியானம் சிலருக்குப் பதற்றத்தை, தூக்கமின்மையை, தன்னிடமிருந்தே விலகிப்போன மாதிரியான உணர்வைத் தூண்டிவிடக்கூடும். பிரௌன் பல்கலைக்கழகத்தில் வில்லோபி பிரிட்டனும் அவர் சகாக்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, பௌத்த தியானம் செய்யும் மேற்கத்தியர்களிடம் இப்படிப்பட்ட அனுபவங்களை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள், பழைய அதிர்ச்சி ஒன்று இன்னும் ஆறாதவர்கள், தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் 10 நாள் மௌனத்துக்குள் போக வேண்டாம். விண்ணப்பத்தில் உடல், மனநலம் பற்றிக் கேட்பார்கள். இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று அதை மறைப்பதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை.

வீட்டில் தினமும் உட்கார்வது

காலையில் 20 நிமிடம். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் மதியம் மூன்று மணி என்ற அளவுகோலில் நான் முதலில் வைப்பது இதைத்தான். காரணம் எளிது. நாளை நடக்கப்போகும் சண்டைக்கும் இன்று உட்காரும் இருக்கைக்கும் இடையில் ஒரு நாள் தூரம்தான். அதே வீடு, அதே சத்தம், அதே மனிதர்கள். பழகுகிற இடமும் பயன்படுத்துகிற இடமும் ஒன்றாக இருக்கிறது.

வீட்டில் உட்கார்ந்தால் என்ன செய்வது என்பதில் இரண்டு முறைகள் பெரிதும் பேசப்படுகின்றன. ஒன்று, மூச்சைச் சொல்லில்லாமல் கவனிப்பது. மஜ்ஜிம நிகாயத்தின் 118ஆவது உரை, மூச்சைக் கவனிக்கும் பயிற்சியான ஆனாபானசதியை 16 படிகளாகச் சொல்கிறது. முதல் நான்கு: நீண்ட மூச்சை நீண்டது என்று அறிவது, குறுகியதைக் குறுகியது என்று அறிவது, உடல் முழுவதையும் உணர்ந்தபடி மூச்சுவிடுவது, உடலின் அசைவை அமைதிப்படுத்தியபடி மூச்சுவிடுவது. வீட்டிலிருந்து பழகுபவருக்கு இந்த நான்கே வெகுகாலத்துக்குப் போதும். மீதிப் பன்னிரண்டையும் உடனே ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்.

இன்னொன்று மஹாசி சயாடோ (1904–1982) பர்மாவில் பரப்பிய முறை. வயிறு எழும்பும்போது மனத்துக்குள் 'எழும்புகிறது', இறங்கும்போது 'இறங்குகிறது' என்று மெல்லக் குறித்துக்கொள்வது. நினைப்பு ஓடினால் 'நினைக்கிறது', சத்தம் கேட்டால் 'கேட்கிறது', வலித்தால் 'வலி'. உட்கார்வதும் நடப்பதும் மாறிமாறி வரும். நடக்கும்போது காலைத் தூக்குவது, முன்னே கொண்டுபோவது, வைப்பது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குறிக்கப்படும். வெறுங்காலோடு ஒரு அறையின் நீளத்துக்கு இப்படி நடந்து பாருங்கள். குதிகால் தரையை விட்டு எழுவதற்கு ஒரு கணம் முன்பே, எழ வேண்டும் என்ற ஓர் எண்ணம் வந்துவிடுவது தெரியும். அவசரமாக நடக்கையில் ஒருநாளும் கண்ணில் படாதது அது.

இரண்டில் எது? மனம் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பவர்களுக்கு மஹாசி முறை பிடிக்கும். மனத்தின் பேச்சுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுகிறது. அதோடு, குறித்துக்கொள்ளும் பழக்கம் கூட்டத்துக்கு நடுவிலும் கூட வரும். செய்தியைப் படித்ததும் 'கோபம், கோபம்' என்று உள்ளே ஒரு குரல் சொல்லிவிட்டால் கட்டைவிரல் நின்றுவிடும். ஆனால் எதையும் அலசி ஆராயும் சுபாவம் உள்ளவர்களுக்கு இந்தக் குறிப்புகளே புதிய அரட்டையாகிவிடும். அவர்களுக்குச் சொல்லில்லாத மூச்சுக்கவனம் மேல். இரண்டையும் ஒரே அமர்வில் கலக்காதீர்கள். எது சரி என்ற விவாதத்திலேயே இருபது நிமிடமும் போய்விடும்.

வீட்டில் உட்கார்பவரின் முதல் எதிரி தூக்கம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புத்தரின் இரு தலைமைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானரே உட்கார்ந்தபடி தூங்கி வழிந்திருக்கிறார். இன்னோர் உரைத்தொகுப்பான அங்குத்தர நிகாயத்தில் புத்தர் அவருக்குச் சொல்லும் யோசனைகளைப் படித்தால் அவ்வளவு அன்பாக இருக்கும். காதுமடலை இழுத்துவிடு, கைகால்களைத் தேய்த்துவிடு, எழுந்து கண்ணைத் தண்ணீரில் கழுவு, நாலு திசையும் பார், விண்மீன்களைப் பார், எழுந்து நட. இத்தனை செய்தும் போகவில்லையென்றால் வலப்பக்கமாகச் சாய்ந்து படு, விழித்ததும் எழுந்துவிடு. போதிய தூக்கம் இல்லாதவர் காலை நான்கு மணிக்கு எழுந்து தியானம் செய்வதைவிட, இன்னும் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு உட்கார்வது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

இந்த வழியின் பலவீனம், தனிமை. ஐயம் வந்தால் கேட்க ஆளில்லை. ஒரு நாள் விட்டால் இன்னொரு நாள் விடுவது எளிது. வாரம் ஒருமுறையாவது சேர்ந்து உட்கார ஒரு குழுவோ ஒரு நண்பரோ கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கைபேசிச் செயலிகள் இந்த இடத்தில்தான் உள்ளே வருகின்றன. மணி அடிக்க, நேரம் காட்ட நல்லவை. வழிகாட்டும் குரலைத் தொடக்கத்தில் கேட்கலாம். ஆனால் நம் கவனத்தைச் சிதறடிக்கும் அதே கருவியைத் தினமும் தியானத்துக்காகவே கையில் எடுக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். கொஞ்ச நாளில் குரல் இல்லாமல் உட்காரப் பழகுவது நல்லது.

வேலைக்கு நடுவிலேயே

நேரமே இல்லை என்பவர்களுக்கு இந்த வழி. இதை உலகமெங்கும் கொண்டுபோனவர் வியட்நாம் துறவி திக் நாட் ஹான் (1926–2022). 1942இல், பதினாறு வயதில், ஹுவே நகரின் மடாலயத்தில் சேர்ந்தபோது அவருக்கு முதலில் கிடைத்த பாடம், எழுவது, முகம் கழுவுவது, கால் வைப்பது என்று ஒவ்வொரு சிறு செயலுக்கும் மனத்துக்குள் சொல்ல வேண்டிய குட்டிப் பாக்களை மனப்பாடம் செய்வது. வியட்நாம் போரின்போது நிவாரணப் பணிக்கு இளைஞர்களைத் திரட்டினார். 1974இல், நாடு கடந்து வாழ்ந்த நிலையில், அந்தப் பணியாளர்களில் ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில்தான், பாத்திரம் கழுவும்போது பாத்திரம் கழுவுவதற்காகவே கழுவுங்கள் என்ற அவருடைய புகழ்பெற்ற அறிவுரை வருகிறது. குண்டுகளுக்கு நடுவே, களைத்துப்போன மனிதர்களுக்குச் சொன்னது அது. நிதானமான மாலை நேரங்களுக்கான அலங்காரம் என்று யாராவது நினைத்தால், அது பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

1982இல் பிரான்ஸில் அவர் தொடங்கிய பிளம் வில்லேஜ் சமூகத்தில் மணி அடித்தால் எல்லோரும் செய்வதை நிறுத்தி மூச்சைக் கவனிப்பார்கள். தொலைபேசி மணியையும் அப்படியே பயன்படுத்தச் சொன்னார். அடித்ததும் பாய்ந்து எடுக்காமல், மூச்சு விட்டுக்கொண்டு கொஞ்சம் பொறுத்து எடுப்பது. எந்தச் செலவும், எந்த இருக்கையும் வேண்டாத பயிற்சி.

கைக்குழந்தை உள்ளவர்கள், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர்கள், இரண்டு வேலை செய்பவர்கள், இவர்களிடம் போய் 'தினமும் 20 நிமிடம் ஒதுக்க முடியாதா' என்று கேட்பது கருணை இல்லாத பேச்சு. அவர்களுக்கு இந்த வழிதான் முதல் வழி. அதிலும் நாள் முழுவதும் நினைவோடு இருக்கப் பார்க்காமல், ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொல்வேன். பாத்திரம் கழுவுவதை எடுத்துக்கொண்டால், கை நனையும் முதல் கணத்தில் தண்ணீர் குளிர்ந்திருக்கிறதா, வெதுவெதுப்பாக இருக்கிறதா? விரலுக்கடியில் பிசுக்கு வழவழப்பிலிருந்து சொரசொரப்பாக மாறும் இடம் எது? அடுக்கில் இன்னும் எத்தனை மீதி என்று மனம் எண்ணத் தொடங்கியது எப்போது? அந்த எண்ணிக்கை தொடங்கிய இடம்தான் பயிற்சி. அங்கிருந்து கைக்குத் திரும்புங்கள்.

ஆனால் நேரம் இருந்தும் இதை மட்டும் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வழியில் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது மிகச் சுலபம். நான் எல்லாவற்றையும் நினைவோடுதான் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம், சரிபார்க்க யாரும் இல்லை. உட்கார்ந்து பார்த்தால்தான், பத்து மூச்சுகூடத் தொடர்ந்து கவனிக்க முடியவில்லை என்ற உண்மை முகத்தில் அறையும். திக் நாட் ஹானின் சமூகத்தில் உட்கார்ந்து செய்யும் தியானமும் தினமும் உண்டு என்பதை அவரை மேற்கோள் காட்டுபவர்கள் பல சமயம் விட்டுவிடுகிறார்கள்.

8 வாரப் பயிற்சி

1979இல் ஜான் கபாட்-ஜின், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், தீராத வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த நோயாளிகளுக்காகத் தொடங்கியது. பௌத்த தியானத்தை எடுத்து, மதச் சொற்களைக் கழற்றிவிட்டு, 8 வாரத் திட்டமாக்கினார். வாரம் ஒருமுறை ஏறக்குறைய இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினமும் 45 நிமிடம் பயிற்சி, இடையில் ஒரு முழுநாள் மௌன அமர்வு. படுத்தபடி உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனிப்பது, மென்மையான யோகாசனம், உட்கார்ந்து மூச்சைப் பார்ப்பது என்று கலந்து இருக்கும்.

அதிகமாக ஆராயப்பட்டது இதுதான். 2014இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த தொகுப்பாய்வு 47 சோதனைகளை எடுத்துப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் தியானத் திட்டங்கள் சிறிய முதல் மிதமான அளவு வரை பலன் தருகின்றன என்றது. ஆனால் உடற்பயிற்சி, மருந்து போன்ற மற்ற சிகிச்சைகளைவிட மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் சொன்னது. 2022இல் வந்த ஒரு சோதனையில், பதற்றநோய் உள்ளவர்களுக்கு இந்த 8 வாரப் பயிற்சி, எஸ்சிட்டலோபிராம் என்ற, பதற்றத்துக்குக் கொடுக்கும் மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது. இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரோடு பேச வேண்டிய விஷயம் இது.

பதற்றம், நாள்பட்ட வலி என்று பெயரிட்டுச் சொல்லக்கூடிய தொல்லை இருப்பவர்களுக்கும், தனியாகத் தொடர முடியாதவர்களுக்கும், வேறு மதநம்பிக்கை காரணமாகப் பௌத்தச் சடங்கோ சூத்திரமோ வேண்டாம் என்பவர்களுக்கும் இதுவே நல்ல தொடக்கம். பயிற்றுநர் இருக்கிறார், குழு இருக்கிறது, முடிவுத் தேதி இருக்கிறது.

எனக்கு இதில் குறையாகப் படுவது, கழற்றி வைத்ததில் சீலமும் போய்விட்டது. புத்தர் வகுத்த எண்வழியில் ஏழாவதாக வரும் நற்கடைப்பிடி (சரியான மனவிழிப்பு), நன்மொழி, நற்செயல், நல்வாழ்க்கை ஆகியவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. பகலில் ஒருவரிடம் பொய் சொல்லிவிட்டு இரவில் உட்கார்ந்தால், அந்தப் பொய்தான் முதலில் வந்து உட்காரும். எவ்வளவு நல்ல மூச்சுப்பயிற்சியாலும் அதை நகர்த்த முடியாது. மஜ்ஜிம நிகாயத்தின் 61ஆவது உரையில் புத்தர் தன் மகன் ராகுலனுக்குச் சொல்வது மூச்சைப் பற்றியது இல்லை. ஒரு செயலைச் செய்யும் முன், செய்யும்போது, செய்த பின், இது எனக்கோ பிறருக்கோ இருவருக்குமோ தீங்கு தருமா என்று பார் என்கிறார். செயலுக்கு மட்டுமல்லாமல் சொல்லுக்கும் எண்ணத்துக்கும் அப்படியே. மதியம் மூன்று மணிச் செய்திக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியாது. மன அமைதி வேண்டும் என்று தேடி வருகிறவர்களில் பலருக்கு, மூச்சைவிட முதலில் சரிசெய்ய வேண்டியது பேச்சாகத்தான் இருக்கிறது. அதனால் எந்த வழியை எடுத்தாலும் கூடவே பஞ்சசீலத்தில் ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். நான்காவது, பொய் சொல்லாமை, அன்றாட வாழ்க்கையில் மிகுந்த வேலை வாங்குவது.

மெத்தா

இதைத் தனி வழி என்பதைவிட, சிலருக்கு முதலில் தேவைப்படும் மருந்து என்று சொல்லலாம். உட்கார்ந்து மூச்சைப் பார்க்கத் தொடங்கியதும், 'இதுகூட உன்னால் முடியவில்லை' என்று தன்னையே திட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கவனம் கூடக்கூட அந்தத் திட்டும் உரக்கக் கேட்கும். அப்படிப்பட்டவர்கள் மூச்சை ஓரமாக வைத்துவிட்டு, நான் நலமாக இருக்கட்டும், பகையின்றி இருக்கட்டும் என்று தன்னில் தொடங்கி, மதிக்கும் ஒருவர், பழக்கமில்லாத ஒருவர், கடைசியில் பிடிக்காத ஒருவர் என்று விரித்துப்போகும் மெத்தாவைக் கொஞ்ச காலம் பழகட்டும். 5ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் புத்தகோசர் இந்த வரிசையை விளக்கும்போது, தொடக்கத்திலேயே பகைவரை எடுக்க வேண்டாம் என்று எச்சரிக்கிறார். நடைமுறை தெரிந்தவரின் எச்சரிக்கை அது. மேலதிகாரியைக் கடைசிக்கு வையுங்கள்.

சரி, எதை எடுப்பது?

பெரிய உடல், மனத் தொல்லை எதுவும் இல்லாமல், நாளில் 20 நிமிடம் ஒதுக்க முடிகிறவர் என்றால் என் பதிலில் தயக்கமில்லை: காலை அமர்வு ஒன்று, நினைவோடு செய்ய ஒரு செயல், பஞ்சசீலத்தில் ஒன்று. இவ்வளவுதான். மூன்று மாதம் முறையை மாற்றாமல் இருங்கள். வாரத்துக்கு வாரம் ஒரு முறையைச் சுவைத்துப் பார்ப்பவர்களுக்கு எதுவுமே பிடிபடாது. நேரம் கிடைக்காதவர் அமர்வை ஐந்து நிமிடமாக்கிக்கொண்டு செயலைப் பிரதானமாக வைக்கட்டும். பதற்றமோ வலியோ வாட்டுகிறவர் 8 வாரப் பயிற்சிக்குப் போகட்டும்.

எவ்வளவு முயற்சி என்ற கேள்விக்குப் புத்தர் தன் சீடர் சோணருக்குச் சொன்னது இன்றும் பொருந்துகிறது. சோணர் காலில் இரத்தம் வரும்வரை நடந்து தியானம் செய்தும் பலன் தெரியாமல், துறவையே விட்டுவிடலாமா என்று நினைத்தவர். வீணை வாசித்துப் பழகிய அவரிடம், நரம்பை அதிகமாக முறுக்கினால் வாசிக்க முடியுமா, தளர்த்தினால் முடியுமா என்று கேட்டார் புத்தர். 20 நிமிடம் உட்கார்ந்ததும் நாள் முழுக்க எரிச்சலாக இருந்தால் பத்தாகக் குறையுங்கள். இருபது நிமிடமும் பகல் கனவிலேயே போனால் உட்கார்வதற்கு முன் சிறிது நேரம் நடந்துவிட்டு உட்காருங்கள்.

10 நாள் முகாமை நான் தள்ளிப்போடச் சொல்கிறேன், தவிர்க்கச் சொல்லவில்லை. தினசரி அமர்வு உடம்போடு ஒட்டிக்கொண்ட பிறகு, இதற்கு மேல் போக வேண்டும் என்ற ஆவல் தானாக வரும்போது போனால், முகாம் தரும் தெளிவு தங்குவதற்கு வீட்டில் ஓர் இருக்கை ஏற்கெனவே தயாராக இருக்கும். வீட்டில் இருப்பவர்களிடம் நன்றாக முன்கூட்டியே பேசுங்கள். 10 நாள் தொடர்பே இருக்காது என்பதை அவர்களும் ஏற்க வேண்டும். முழங்கால் தகராறு இருந்தால் நாற்காலி கேட்கத் தயங்க வேண்டாம். திரும்பிய மறுநாளே வேலைக்குப் போகிற மாதிரி விடுமுறை எடுக்காதீர்கள். மௌனத்திலிருந்து வருகிறவருக்குத் தெருச்சத்தமே பெரிதாகத் தெரியும், யாராவது கடிந்து ஒரு சொல் சொன்னால் சட்டென்று கண் கலங்கும். இரண்டு நாளாவது இடைவெளி இருக்கட்டும். அந்த இரண்டு நாளில் கைபேசியில் குவிந்திருக்கும் செய்திகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு மூச்சு விட்டு, பிறகு பதில் எழுதிப் பாருங்கள்.